அளவும் பிழையும்

தஞ்சைப் பெருவுடையார் கோயிலின் விமானத்தை அறியாதார் தமிழ்நாட்டில் இலர். முதலாம் இராசராசன் எடுப்பித்து, 1010ஆம் ஆண்டில் நிறைவேற்றிய அவ்விமானம், நெல்வயல்களுக்கும் தென்னந்தோப்புகளுக்கும் மேலாக 200 அடிக்கு மேற்பட்ட உயரத்துடன் எழுந்து, பல மைல் தொலைவுக்குப் புலப்பட்டு நிற்கின்றது. வழிபட வருவோரும், சிற்பத் திறம் காண வருவோரும் அதனை அண்ணாந்து நோக்கி வியப்பர். 1808ஆம் ஆண்டில், இவ்விரு நோக்கமும் இன்றி வேறொரு கருத்துடன் அதனை நாடி வந்த கூட்டம் ஒன்று உண்டு. அவர்கள் நிலத்தை அளக்க வந்தவர்கள். அவர்களுக்குத் தலைவராய் விளங்கியவர் வில்லியம் லாம்டன் என்னும் ஆங்கிலப் படைத்துறையினர்.

லாம்டன் வயலையும் வரப்பையும் அளக்க வந்தவர் அல்லர். இந்நாட்டின் ஊர்கள் நிலவுலகில் எந்தெந்த இடத்தில் அமைந்துள்ளன என்பதைத் துல்லியமாக அறுதியிடுதலும், அதன் வாயிலாக நிலவுலகின் வடிவத்தையே கணித்தலும் அவர் மேற்கொண்ட பணியாகும். இதற்கு அவர் கையாண்ட முறை முக்கோண அளவை எனப்படும். ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கமும் அதன் இரு முனைக் கோணங்களும் தெரிந்தால், மற்ற இரு பக்கங்களையும் கணக்கினால் காணலாம் என்பது பள்ளி மாணவரும் அறிந்த செய்தி. அங்ஙனம் கண்ட பக்கத்தை அடியாகக் கொண்டு அடுத்த முக்கோணத்தை அமைக்கலாம், அதன்மேல் மற்றொன்று. இவ்வாறு, ஒரே ஒரு கோட்டை மட்டும் தரையில் கிடத்தி அளந்துவிட்டால், எஞ்சிய தொலைவுகளையெல்லாம் கோணங்களைக் கொண்டே காணலாம். ஆறு குறுக்கிட்டால் என்ன? காடு குறுக்கிட்டால் என்ன? ஓர் உச்சியிலிருந்து மற்றோர் உச்சி கண்ணுக்குத் தெரிந்தால் போதும்.

அந்த முதற் கோட்டை லாம்டன் 1802ஆம் ஆண்டு ஏப்ரல் 10 முதல் மே 22 வரை சென்னையையடுத்த பரங்கிமலைப் பக்கத்தில் அளந்தார். அதன் நீளம் ஏறத்தாழ ஏழரை மைல். நூறு அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி ஒன்றே அளவுகோல். அச்சங்கிலியைத் தரையில் போட்டு இழுத்தாரல்லர். தாங்கிகளின்மேல் நிறுத்திய மரப்பெட்டிகளில் கிடத்தி, வெயில் படாமல் கூடாரம் அமைத்து, பக்கத்தில் வெப்பமானி வைத்து, நானூறு முறை பெயர்த்துப் பெயர்த்து அளந்தார். வெப்பமானிக்கு ஆங்கு என்ன வேலை என்று ஐயுறலாம். எஃகு வெப்பத்தால் நீளும். பாரன்ஹீட் அளவில் ஒரு பாகை வெப்பம் ஏறினால், நூறடிச் சங்கிலி ஓர் அங்குலத்தின் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே நீளும். அஃது அற்பமன்றோ என்று விடுவதற்கில்லை. நானூறு முறை அடுக்கும்போது அவ்வற்பம் மூன்று அங்குலமாகிவிடும்.

கோணங்களை அளக்க அவர் வைத்திருந்த கருவி, இலண்டனில் கேரி என்பார் செய்த பெருந் தியோடலைட் ஆகும். மூன்றடிக் குறுக்களவுள்ள வட்டத் தட்டும் தொலைநோக்கியும் கொண்ட அக்கருவியின் எடை ஏறத்தாழ அரை டன். அஃது இந்தியாவுக்கு வந்த கதையே ஒரு தனிக் கதை. அதனைக் கொணர்ந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர் பிடித்து மொரீசியசுத் தீவுக்குக் கொண்டு சென்றனர். கருவி அறிவியற் பணிக்கு உரியது என்று அறிந்ததும், பகைமை பாராட்டாது சென்னைக்கு அனுப்பிவைத்தனர். அவ்வளவு போரின் நடுவிலும் அந்நாகரிகம் இருந்தது.

மலைநாட்டில் முக்கோண அளவை எளிது. குன்றின்மேல் ஏறினால் அடுத்த குன்று தெரியும். காவிரிப் படுகையிலோ குன்று ஏது? கல்லணைக்குக் கிழக்கே கடற்கரைவரை, ஆறுகள் கிளைத்துக் கிளைத்து ஓடும் சமநிலம் அது. பனையும் தென்னையும் மூங்கிலும் கண்ணை மறைக்கும். ஆயினும், குன்றில்லாக் குறையைச் சோழரும் அவர்க்குப் பின் வந்தோரும் முன்னமே தீர்த்து வைத்திருந்தனர். ஊர்தோறும் கோபுரங்கள் இருந்தன. லாம்டன் அவற்றையே தம் முக்கோணங்களின் முனைகளாகக் கொண்டார். மதறாசில் 1794ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்று, பிற்காலத்தில் கிண்டிப் பொறியியற் கல்லூரியாய் வளர்ந்த நிலவளவைப் பள்ளியில் பயின்ற இளைஞர்கள் அவருக்குத் துணை நின்றனர். கோபுர உச்சிக்கு அரை டன் கருவியை ஏற்றும் உடலுழைப்பு முழுதும் பெயர் எழுதப்படாத கூலியாட்களுடையது என்பதையும் ஈண்டுக் குறித்தல் வேண்டும்.

தஞ்சை விமானத்தின் உச்சிக்குக் கருவியை ஏற்றும்போதுதான் அந்த விபத்து நிகழ்ந்தது. கருவி சுவரில் மோதாதவாறு விலக்கிப் பிடித்திருந்த கயிறு அறுந்தது. தொங்கிய கருவி பெருவிசையுடன் கட்டடத்தின் பக்கத்தில் மோதியது. பெட்டி தாங்கவில்லை, கருவியின் உயிர்நிலையாகிய வட்டத் தட்டே நெளிந்து போயிற்று. கோணம் அளக்கும் வட்டம் வட்டமாய் இல்லையெனில், அக்கருவி வெறும் பித்தளைச் சுமையேயன்றி வேறன்று. வேறு கருவி வேண்டுமாயின் இங்கிலாந்திலிருந்து கப்பல் வழியே வரவேண்டும். அதற்குள் ஆண்டுகள் கழிந்துவிடும்.

லாம்டன் மனம் தளர்ந்து அமர்ந்துவிடவில்லை. கருவியைத் தனித்தனி உறுப்புகளாகக் கழற்றினார். பெரும் பலகை ஒன்றில் தட்டின் சரியான அளவுக்கு ஒரு வட்டம் வரைந்து, நெளிந்த தட்டை அதன்மேல் பொருத்தி, ஆப்புகளையும் திருகுகளையும் கொண்டு இம்மி இம்மியாக இழுத்து, அதனைப் பழைய வட்டத்துக்குக் கொண்டு வந்தார். ஆரங்களாகிய சிறு குழாய்களை மரச்சுத்தியால் தட்டி நிமிர்த்தினார். இப்பணி ஆறு வாரம் நடந்தது என்று, அவருக்குப் பின் அத்துறைத் தலைவராய் விளங்கிய ஜார்ஜ் எவரெஸ்ட் எழுதி வைத்துள்ளார்.

கருவி மீண்டும் இயங்கலாயிற்று. ஆனால், ஒரு முறை நெளிந்து நிமிர்ந்த தட்டு சொல்லும் கோணத்தை எவ்வாறு நம்புவது? இவ்வினாவுக்கு விடை காணும்போதுதான், அளவைத் தொழிலின் உட்பொருள் விளங்கும்.

தேவைக்கு மேல் அளத்தல் என்பதே அவ்விடை. ஒரு முக்கோணத்தில் இரு கோணங்களை அளந்தால் மூன்றாவது தானே கிடைத்துவிடும். 180 பாகையிலிருந்து கழித்தால் போதும். அங்ஙனமிருந்தும், மூன்றாம் முனைக்கும் பெருங்கருவியைச் சுமந்து சென்று, ஆங்கும் கோணத்தை அளப்பர். கணக்குக்கு அவ்வளவு வேண்டுவதில்லை. ஆயினும், மூன்றும் சேர்ந்து 180 பாகை ஆகின்றதா என்று பார்க்க அஃது ஒன்றே வழி. இத்தகைய அளவை மிகை அளவு எனலாம். கருவி நெளிந்திருப்பின், அளந்தவர் கண் பிழைத்திருப்பின், கானல் ஒளியை வளைத்திருப்பின், அம்மூன்றாம் கோணம் காட்டிக் கொடுத்துவிடும். வட்டத் தட்டின் எதிரெதிர்ப் பக்கங்களில் நுண்நோக்கிகளை வைத்து, இரண்டின் அளவையும் எடுத்துச் சராசரி காண்பதும் இதன் பொருட்டே. தட்டின் நடு சற்று விலகியிருந்தால், ஒரு பக்கம் கூடிய அளவு மறுபக்கம் குறையும். சராசரியில் இரண்டும் ஒன்றையொன்று அழிக்கும்.

கோணத்துக்கு மட்டுமன்றி நீளத்துக்கும் இச்சோதனை உண்டு. பரங்கிமலைக் கோட்டிலிருந்து முக்கோணம் முக்கோணமாகச் சென்று, நூற்றைம்பது மைலுக்கு அப்பால் பெங்களூரில் ஒரு கோட்டின் நீளத்தைக் கணக்கினால் கண்டனர். பின்னர், 1804ஆம் ஆண்டில் ஜான் வாரன் என்பார் அதே கோட்டைச் சங்கிலி கொண்டு தரையில் அளந்தார். ஏழு மைலுக்கு மேற்பட்ட அக்கோட்டில், கணக்குக்கும் சங்கிலிக்கும் நேர்ந்த வேறுபாடு நான்கு அங்குலத்துக்கும் குறைவு! இந்த வாரனே பின்னாளில் தமிழ்நாட்டுப் பஞ்சாங்கக் கணித முறைகளை ஆராய்ந்து, 'காலசங்கலித' என்னும் ஆங்கில நூலை 1825ஆம் ஆண்டில் வெளியிட்டவர் என்பதும் அறியத்தக்கது. கோயம்புத்தூரிலும் தஞ்சையிலும் பாளையங்கோட்டையிலும் இவ்வாறே அடிக்கோடுகள் அளக்கப்பெற்றன.

இனி ஒரு சிக்கல் எழுகின்றது. மிகை அளவு எடுத்தால் முரண் தோன்றாதிராது. ஒரே பொருளை ஒருவன் ஒரு முறை அளந்தால் ஒரு விடை கிடைக்கும்; அவன் உள்ளம் அமைதியாய் இருக்கும். மும்முறை அளந்தால் மூன்று விடை கிடைக்கும். எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது? இவ்வினா ஒரு நல்லறிஞரின் வாழ்வையே வருத்தியதுண்டு.

பிரான்சு நாட்டில் மீட்டர் என்னும் புதிய அளவை வகுப்பதற்காக, டன்கர்க் முதல் பார்சிலோனா வரையுள்ள நிலவளைவை அளக்கும் பணி 1792ஆம் ஆண்டில் தொடங்கியது. வடபகுதி தெலாம்பர் என்பாருக்கும், தென்பகுதி மெஷேன் என்பாருக்கும் ஒப்புவிக்கப்பட்டன. மெஷேன் மிகுந்த கவனமுடையவர். பார்சிலோனாவில் கோட்டையிலிருந்து விண்மீன்களை நோக்கி அவ்விடத்தின் அகலாங்கைக் கண்டார். போர் மூண்டு ஊர் திரும்ப இயலாமையால், நகரத்து விடுதி ஒன்றிலிருந்தும் மறுமுறை கண்டார். இரண்டும் ஒத்துவரவில்லை. வேறுபாடு மூன்று விகலை அளவே. (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு கலை, கலையில் அறுபதில் ஒரு பங்கு விகலை.) தரையில் அஃது ஏறத்தாழ 100 மீட்டர். மெஷேன் அவ்வேறுபாட்டைத் தம் மானத்துக்கு வந்த இழுக்காகக் கருதினார். யாரிடமும் சொல்லாமல் மறைத்தார். உறக்கமின்றி வருந்தினார். பிழையைத் தீர்க்கும் நோக்குடன் மீண்டும் ஸ்பெயின் நாடு சென்று அளந்து திரிந்தவர், காய்ச்சல் கண்டு 1804ஆம் ஆண்டு செப்டம்பரில் அங்கேயே உயிர் துறந்தார். அவர் ஏடுகளைப் புரட்டிய தெலாம்பர்தாம் அம்மறைவைக் கண்டறிந்தார்.

மெஷேன் மறைந்த மறு ஆண்டே, அவர் துயருக்கு மருந்து போன்றதொரு முறை அச்சேறியது என்பது எண்ணி இரங்கத்தக்கது. 1805ஆம் ஆண்டில் லெஜாந்தர் என்னும் பிரெஞ்சுக் கணித அறிஞர், வால்மீன்களின் பாதையைக் காண்பது பற்றிய தம் நூலின் பின்னிணைப்பில் அம்முறையை விளக்கினார். அதற்கு எடுத்துக்காட்டாக அவர் கொண்டதும், மெஷேனும் தெலாம்பரும் அளந்த அந்நிலவளைவின் கணக்கையே. அதற்கு மீச்சிறு வர்க்க முறை என்பது பெயர். ஜெர்மானியராகிய காஸ் என்பார், 1809ஆம் ஆண்டில் தம் நூலை வெளியிட்டபோது, தாம் அதனை 1795 முதலே கையாண்டு வருவதாகக் கூறினார். யார் முந்தியவர் என்ற வழக்கு அன்று எழுந்தது. முறையின் பயனுக்கு அவ்வழக்கால் குறைவொன்றும் இல்லையாதலின் அதனை விடுத்து மேற்செல்லலாம்.

ஒரு வயலின் நீளத்தை மும்முறை அளந்ததாகக் கொள்க. ஐம்பது மீட்டருக்கு மேல் முதல்முறை 4 சென்டிமீட்டரும், இரண்டாம் முறை 7 சென்டிமீட்டரும், மூன்றாம் முறை 10 சென்டிமீட்டரும் வந்தன. கூட்டுச் சராசரி 7. அதனை உண்மை எனக் கொண்டால், விலக்கங்கள் முறையே 3, 0, 3. இவற்றின் வர்க்கங்களைக் கூட்டினால் 9, 0, 9 ஆக 18. சராசரியை விட்டு 6 எனக் கொண்டால், வர்க்கங்கள் 4, 1, 16 ஆகக் கூட்டுத்தொகை 21. 8 எனக் கொண்டாலும் 21. எதனைக் கொண்டாலும் 18க்குக் குறையாது. ஆகவே, நெடுங்காலமாக எல்லோரும் கையாண்டு வந்த சராசரி என்பது, விலக்க வர்க்கங்களின் தொகையை மிகச் சிறியதாக்கும் எண்ணேயாகும். விலக்கங்களை அப்படியே கூட்டினால் மிகையும் குறையும் ஒன்றையொன்று அழித்துவிடும். வர்க்கமாக்கினால் அஃது இயலாது. மேலும், ஒரு பெரிய விலக்கத்தை ஓரிடத்தில் சுமத்துவதை இம்முறை பொறாது. விலக்கம் இரு மடங்கானால் அதன் வர்க்கம் நான்கு மடங்காகும் அன்றோ?

சராசரி ஒரே பொருளைப் பல முறை அளந்ததற்கே பொருந்தும். வெவ்வேறு பொருள்களை அளந்து, அவை ஒன்றோடொன்று தொடர்புற்றிருக்கும்போது என் செய்வது? ஆங்குத்தான் புதுமுறையின் வலிமை தெரியும். அதற்குக் காவிரிப் படுகைக்கு ஏற்றதொரு கணக்கையே எடுத்துக் கொள்ளலாம்.

ஒரு பாசன வாய்க்காலில் தலைமதகு, நடுமதகு, கடைமதகு என மூன்று மதகுகள் உள்ளன. தலைமதகின் தளம் நடுமதகின் தளத்தைவிட 60 சென்டிமீட்டர் உயரம் என்று மட்டம் பார்ப்பவர் கண்டார். நடுமதகு கடைமதகைவிட 80 சென்டிமீட்டர் உயரம். இரண்டையும் கூட்டினால் தலைக்கும் கடைக்கும் உள்ள வேறுபாடு 140 சென்டிமீட்டர் ஆதல் வேண்டும். கணக்கு இங்கேயே முடிந்திருக்கும். ஆனால், கவனமுடைய அளவையாளர் வேறொரு பாதை வழியாகக் கடைமதகிலிருந்து தலைமதகுக்கு நேரே மட்டம் பார்த்துத் திரும்பினார், 146 வந்தது. 6 சென்டிமீட்டர் முரண். (எளிமை கருதி இங்கே முரண் பெருக்கிச் சொல்லப்பட்டது; கைதேர்ந்தவர் அளவில் இவ்வளவு வாராது.)

மலைநாட்டு ஓடையில் 6 சென்டிமீட்டரை யார் பொருட்படுத்துவர்? தஞ்சைச் சமநிலத்திலோ, நீர் செல்வதா நிற்பதா என்பதை அவ்வளவே முடிவு செய்துவிடும். தலைமடையான் பயிர் பச்சையாய் இருக்க, கடைமடையான் வயல் வெடித்துக் கிடக்கும் நிலைக்குச் சில வேளைகளில் வானமும் அணையும் காரணமல்ல. வாய்க்கால் வெட்டியபோது மட்டத்தில் விட்ட பிழையும் காரணமாகும்.

அந்த 6 சென்டிமீட்டரை எங்கே சேர்ப்பது? கடைசியாக அளந்ததன் மேல் முழுவதையும் போட்டு, 146ஐ 140 ஆக்கிவிடலாம். அங்ஙனம் செய்தால் திருத்தத்தின் வர்க்கம் 36. முதல் இரண்டில் மும்மூன்றாகச் சேர்த்து 63, 83 ஆக்கினால், 9ம் 9ம் ஆக 18. மூன்றிலும் இவ்விரண்டாகப் பகிர்ந்து, 62, 82, 144 என்று கொண்டால், 4, 4, 4 ஆக 12. 62ம் 82ம் கூடி 144 ஆதலின் முரணும் தீர்ந்தது. வேறெவ்வாறு பகிர்ந்தாலும் 12க்குக் குறையாது. ஆகவே, மூன்றும் ஒத்த தரத்தன எனின் இதுவே கொள்ளத்தக்க திருத்தம்.

ஆனால் மூன்றும் ஒத்த தரத்தனவா? தலைமதகுக்கும் நடுமதகுக்கும் இடைத்தொலைவு 1 கிலோமீட்டர். நடுமதகுக்கும் கடைமதகுக்கும் 2 கிலோமீட்டர். திரும்பி வந்த பாதை 3 கிலோமீட்டர் என்க. நெடுந்தொலைவு செல்லச் செல்ல மட்டக்கோலை நாட்டும் முறைகள் பெருகும்; பிழைக்கு இடமும் பெருகும். எனவே, குறுகிய தொலைவில் கிடைத்த அளவுக்கு மிகுந்த நிறை தருதல் முறையாகும். தொலைவுக்கேற்ப 1, 2, 3 எனத் திருத்தினால், 61, 82, 143 ஆகும். 61ம் 82ம் கூடி 143. ஒவ்வொரு திருத்தத்தின் வர்க்கத்தையும் அதற்குரிய தொலைவால் வகுத்துக் கூட்டினால், 1, 2, 3 ஆக 6 வரும். முன்பு கொண்ட 2, 2, 2 என்னும் பகிர்வில் அத்தொகை ஏழுக்கு மேற்படும். நம்பத்தக்கதைச் சிறிது அசைத்து, ஐயத்துக்குரியதைப் பெரிதும் அசைப்பது இதன் நெறி. பஞ்சாயத்தில் நன்கறிந்த சாட்சியின் சொல்லையும், வழிப்போக்கன் சொல்லையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பார் இல்லை.

முக்கோணத்துக்கும் இதுவே வழி. மூன்று கோபுரங்களை முனையாகக் கொண்ட ஒரு முக்கோணத்தின் கோணத் தொகை, 180 பாகைக்கு மேல் 8 விகலை வந்ததாகக் கொள்க. அவ்வெட்டும் பிழையன்று. நிலவுலகு உருண்டையாதலின், அதன்மேல் அமைந்த முக்கோணத்தின் கோணத் தொகை 180 பாகையைச் சற்றே விஞ்சும். ஏறத்தாழ 200 சதுரக் கிலோமீட்டர் பரப்புக்கு ஒரு விகலை என்பது கணக்கு. முக்கோணத்தின் பரப்பு 400 சதுரக் கிலோமீட்டர் எனின், 2 விகலை உலகின் உருண்டைக்கு உரியது. எஞ்சிய 6 விகலையே அளவையின் பிழை. மூன்று கோணங்களும் ஒத்த தரத்தன எனின், ஒவ்வொன்றிலும் 2 விகலை கழிக்கப்படும்.

இங்குப் பிழை என்றும் தவறு என்றும் வழங்கும் இரு சொற்களையும் வேறுபடுத்தி அறிதல் நன்று. உலக வழக்கில் இரண்டும் ஒன்றாகவே வழங்கும். அளவைத் தொழிலில் அங்ஙனம் கலத்தல் தீங்காகும். கண்ணும் கையும் காற்றும் வெப்பமும் காரணமாக, எத்துணைக் கவனமுடையார்க்கும் நேரும் சிறு விலக்கம் பிழை. சங்கிலியை எண்ணுகையில் ஒன்றை விட்டுவிடுதல், 6 என்பதை 9 என்று எழுதுதல் போல்வன தவறு. பிழையைப் பகிர்ந்து கொடுக்கலாம். தவறைப் பகிர்ந்து கொடுத்தல் ஆகாது. நூறடித் தவறு ஒன்றைப் பத்து அளவுகளில் பத்துப் பத்து அடியாகப் பகிர்ந்துவிட்டால், நல்ல அளவுகள் ஒன்பதும் கெட்டொழியும். முரண் அளவு கடந்து தோன்றின், கணக்கை மூடிவைத்து மீண்டும் வயலுக்குச் செல்வதே முறை. மீச்சிறு வர்க்க முறை குற்றத்தை மறைக்கும் திரையன்று.

மூன்றாவது வகை ஒன்றும் உண்டு. அது மிகவும் கொடியது. சங்கிலியே நீண்டு போயிருந்தால் என்னாகும்? நூறு முறை அளந்தாலும் நூறும் ஒரே பக்கம் சாயும், சராசரியும் சாயும். பகைவர் பலராயின் காணலாம். பகைவன் அளவுகோலுக்குள்ளேயே இருந்தால் காண்பது அரிது. இதற்காகவே, லாம்டன் அளக்கும் சங்கிலியோடு ஒப்பிட்டுப் பார்க்க மற்றொரு சங்கிலியைத் தனியே பேணி வைத்திருந்தார். தமிழ்நாட்டுக் கோயில்கள் பலவற்றில், ஊரில் வழங்கிய அளவுகோலின் நீளத்தைக் கல்லில் வெட்டி வைத்திருப்பதும் இக்கருத்துப் பற்றியதே. மூங்கிற்கோல் தேயும், வளையும், கல்வெட்டு மாறாது.

கல்வெட்டு என்றதும் இராசராசன் காலத்து நிலவளவை நினைவுக்கு வரும். 1001ஆம் ஆண்டையொட்டி அம்மன்னன் தன் நாட்டை அளப்பித்தான். அப்பணியால் உலகளந்தான் என்னும் பெயரும், உலகளந்த கோல் என்னும் பெயரும் வழக்கில் வந்தன. பெருவுடையார் கோயிற் கல்வெட்டுகளில் ஊர்களின் நிலம் வேலி, மா, காணி, முந்திரிகை, கீழ் என்று இறங்கி இறங்கி எழுதப்பட்டுள்ளது. காணி என்பது எண்பதில் ஒரு பங்கு. முந்திரிகை முந்நூற்றிருபதில் ஒரு பங்கு. இவ்வாறு இறங்கி, ஒரு வேலியை 5,242 கோடியே 88 இலட்சம் கூறு செய்து, அதில் ஒரு கூறுவரை கணக்கிட்டனர் என்று கல்வெட்டறிஞர் வியந்து எழுதினர். வியப்புக்குரியதே, எனினும், எது வியப்புக்குரியது என்று அறிந்து வியத்தல் வேண்டும். இக்காலத்துத் தஞ்சை வேலி ஆறே முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. அதனை அத்தனை கூறு செய்தால், ஒரு கூறு ஒரு சதுர மில்லிமீட்டரும் ஆகாது. எள்ளின் பரப்பைவிடச் சிறியது. எந்தக் கோலும் வயலில் அதனை அளந்திருக்க முடியாது. பெரும் பரப்பிலிருந்து இறையிலி நிலங்களைக் கழித்தும் பகுத்தும் செல்லும்போது கணக்கில் தோன்றிய நுண்மை அது. சோழர் கணக்கரின் எண்ணறிவுக்கு அது சான்று. கோலின் நுண்மைக்குச் சான்றன்று. இவ்வேறுபாட்டை உணராதார் இன்றும் பலர். பத்துத் தானம்வரை எண்ணைக் காட்டும் கணிப்பொறி, பத்துத் தானம்வரை உண்மையைக் காட்டுவதாக அவர் கருதுவர்.

அளவுகள் பெருகப் பெருகப் பிழை எவ்வாறு குறையும் என்பதற்கும் கணக்கு உண்டு. நான்கு முறை அளந்து எடுத்த சராசரியின் பிழை ஒரு முறை அளந்ததில் பாதியாகும். மூன்றில் ஒரு பங்காக்க ஒன்பது முறையும், பத்தில் ஒரு பங்காக்க நூறு முறையும் அளத்தல் வேண்டும். முதலிற் செய்யும் உழைப்புக்குக் கிடைக்கும் பயன் மிகுதி. பின்னர்ச் செய்வதற்குக் குறைவு. ஆதலின், எவ்வளவோடு நிறுத்துவது என்பதும் அளவையாளர் அறிந்திருக்க வேண்டுவதே.

லாம்டன் தம் காலத்தில் மீச்சிறு வர்க்க முறையைக் கையாண்டவர் அல்லர். முக்கோணங்களில் தோன்றிய முரண்களைத் தம் அனுபவ அறிவு கொண்டே பகிர்ந்தார். 1818ஆம் ஆண்டு முதல் இந்தியப் பெரு முக்கோண அளவை என்று பெயர் பெற்ற அப்பணியில் வடக்கு நோக்கிச் சென்றுகொண்டே இருந்து, 1823ஆம் ஆண்டு சனவரி 20ஆம் நாள், நடுவிந்தியாவில் இங்கன்காட் என்னும் ஊரில் காலமானார். அவர் பயன்படுத்திய பெருங்கருவியும், பின்னர் வந்த கருவிகளும் பழுதுற்றபோது அவற்றைச் செப்பம் செய்தோருள் சிறந்தவர் ஆர்க்காட்டைச் சேர்ந்த சையத் மீர் மொகசின் உசேன் ஆவார். சென்னையில் நகைக்கடை ஒன்றில் வேலை பார்த்தவர், நிலவளவைத் துறையின் கருவி வல்லுநராக உயர்ந்தார். எவரெஸ்ட் அவர் திறத்தைப் பெரிதும் மதித்தார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், தென்னாட்டு முக்கோணங்கள் புதிய கருவிகளால் மீண்டும் அளக்கப்பட்டன. 1860களின் இறுதியில் பெங்களூரிலும் கன்னியாகுமரியிலும் புதிய அடிக்கோடுகள் இடப்பட்டன. இம்முறை நீளம் காட்டியது சங்கிலியன்று. வெப்பத்தால் தன் நீளம் மாறாதவாறு இரும்பையும் பித்தளையையும் இணைத்துச் செய்த கோல்கள். பின்னர், நாட்டின் முக்கோண வலை முழுவதையும் நான்கு நாற்கோணப் பகுதிகளாகவும் தென்முக்கோணம் என்னும் ஒரு பகுதியாகவும் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் உள்ள முரண்களை மீச்சிறு வர்க்க முறையால் ஒருங்கே தீர்த்தனர். குறுக்குக் கோடுகள் இரண்டும் உடைய ஒரு நாற்கோணத்திலேயே எட்டுக் கோணங்களும் நான்கு நிபந்தனைகளும் உண்டு. வலை முழுவதற்கும் எத்தனை சமன்பாடுகள் எழும் என்பதை எண்ணிக் கொள்க. ஒரு கோணத்தைத் திருத்தினால் அடுத்தது அசையும். அஃது அசைந்தால் அதற்கடுத்தது. அத்தனையையும் மடக்கை வாய்பாடுகளைத் துணைக்கொண்டு, தாளில் எழுதிக் கணக்கிட்டவர்கள் மனிதர்களே. அன்று கம்ப்யூட்டர் என்பது ஒரு பொறியின் பெயரன்று. ஒரு பதவியின் பெயர். 1831ஆம் ஆண்டில் அப்பதவியில் சேர்ந்த வங்காளத்து இராதாநாத் சிக்தாரின் பெயர், இமயத்தின் மிகவுயர்ந்த சிகரத்தைப் பற்றிய கணக்கோடு சேர்ந்து வழங்குகின்றது. அச்சிகரத்தின் உயரமும் ஓரிடத்திலிருந்து கண்டதன்று. ஆறு இடங்களிலிருந்து கண்டு, ஒன்றுக்கொன்று சில அடிகள் முரணிய விடைகளை ஒன்றுசேர்த்து, 29,002 அடி என்று 1856ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

இன்று கோபுரத்தின்மேல் கருவியை ஏற்றுவார் இல்லை. வானிற் சுற்றும் செயற்கைக் கோள்களிலிருந்து வரும் குறிகளைக் கொண்டு, வயல் நடுவே நின்றவாறே இடத்தை அறியலாம். இடத்தின் மூன்று அளவுகளும் கருவியின் கடிகாரப் பிழையும் ஆக, அறிய வேண்டுவன நான்கு. ஆதலின் நான்கு கோள்கள் இருந்தால் கணக்கு முடிந்துவிடும். ஆனால், கருவியோ எட்டு அல்லது பத்துக் கோள்களின் குறிகளை ஒருங்கே வாங்கி, அவற்றுள் எழும் முரணை லெஜாந்தரும் காஸும் காட்டிய வழியிலேயே தீர்த்து, எந்தக் கோளின் சொல் பொருந்தவில்லை என்பதையும் கண்டு விலக்குகின்றது. சட்டைப்பையில் உள்ள கைபேசி இவ்வேலையை நொடிக்கு நொடி செய்கின்றது.

ஆயினும், வாய்க்காலுக்கு மட்டம் பார்க்கும் பணியில், மட்டக்கோலும் முக்காலியும் இன்னும் ஓய்வு பெறவில்லை. சென்டிமீட்டர் அளவில் உயரம் அறியக் கோளின் குறி மட்டும் எளிதிற் போதுவதில்லை. குறுவைக்கு நீர் வருமுன், வாய்க்கால் கரையில் ஒருவர் கோலைப் பிடித்து நிற்க, மற்றொருவர் தொலைநோக்கி வழியே எண்ணைப் படித்து ஏட்டில் எழுதுவார். கடைமதகுவரை சென்றபின், புறப்பட்ட குறிக்கே வேறு வழியாகத் திரும்பி வந்து, மீண்டும் கோலை நாட்டச் சொல்வார்.